மேற்கு ஏன் ‘மேல்’ ஆனது?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் போகும்போது குருபரப்பள்ளி தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கிவிடும். மேலுமலைக் கணவாயில் சரக்கு லாரிகள் கியரைக் குறைத்து முக்கி முனகி ஊர்ந்துகொண்டிருக்கும். சூளகிரி வருவதற்குள் ஜன்னல் காற்று கொஞ்சம் குளிர்ந்திருக்கும். கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் 400 மீட்டர் ஏற்றம். போகிற திசை மேற்கு. சரியாகச் சொன்னால் வடக்கே சற்றுச் சாய்ந்த மேற்கு.

மேற்கு என்ற சொல்லுக்குள்ளும் இந்த ஏற்றம்தான் இருக்கிறது. மேல் என்பதோடு கு சேர்ந்தால் மேற்கு. கீழ் என்பதோடு கு சேர்ந்து, நெடில் குறுகி, கிழக்கு. வீட்டுக்கு, ஊருக்கு என்று சொல்லும்போது வரும் ‘கு’தான் இதிலும் இருக்கிறது என்று பொதுவாக விளக்குவார்கள். அப்படிப் பார்த்தால் மேற்கு என்றால் ‘மேட்டுப் பக்கம்’, கிழக்கு என்றால் ‘பள்ளத்துப் பக்கம்’. சூரியனுக்கும் இந்த இரண்டு சொற்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் தெரியவில்லை. நாம் பள்ளியில் ‘சூரியன் உதிக்கும் திசை கிழக்கு’ என்று படித்தது திசையைக் கண்டுபிடிக்க ஒரு வழி. சொல் பிறந்த வழி வேறு.

தமிழ்நாட்டின் தரை அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் காரணம் பிடிபட்டுவிடும். மேற்கே நீளமாக மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே வங்கக் கடல். நடுவில் இருப்பதெல்லாம் மலையிலிருந்து கடலை நோக்கிச் சாய்ந்த நிலம். பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி என்று எந்தப் பெரிய ஆற்றை எடுத்தாலும் மொத்தத்தில் கிழக்கு நோக்கித்தான் ஓடுகிறது. பட்டினப்பாலை காவிரியை ‘மலைத்தலைய கடற்காவிரி’ என்கிறது. தலை மலையில், முடிவு கடலில். தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அது மேல், எங்கே போகிறதோ அது கீழ். வயலுக்கு மடை திறந்து வாழ்ந்தவர்களுக்கு இதைவிட அவசரமான திசைக் கேள்வி இருந்திருக்காது. வாய்க்காலில் நமக்கு மேலே யார், கீழே யார் என்பதில்தான் பாதி ஊர்ச் சண்டைகளே கிளம்புகின்றன.

நம் பக்கத்து ஆறான தென்பெண்ணையையே எடுத்துக்கொள்ளலாம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. ஓசூருக்குப் பக்கத்தில் தமிழகத்துக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. அப்புறம் பீடபூமியிலிருந்து இறங்கிக் கிருஷ்ணகிரி அணை, அதைத் தாண்டித் தருமபுரி மாவட்டத்தின் ஓரம், பிறகு திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர் அருகே கடல். வழியில் சில இடங்களில் தெற்கே வளைந்தாலும் அதன் மொத்தப் போக்கு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, அதாவது மேற்கிலிருந்து கிழக்குக்கு.

இந்த உயர வேறுபாடு வெளியிலிருந்து வந்தவர்கள் கண்ணிலும் பட்டிருக்கிறது. பழைய சேலம் மாவட்டத்தை மூன்று துண்டாகப் பிரித்துப் பேசுவது ஆங்கிலேயர் காலத்து வழக்கம். சேலம் பக்கத்துக்குத் தாலாகாட், கிருஷ்ணகிரி தருமபுரி பக்கத்துக்குப் பாராமகால், ஓசூர் பக்கத்துக்குப் பாலாகாட். பாலா என்ற பாரசீகச் சொல்லுக்கு ‘மேல்’ என்று பொருள். பாலாகாட் என்றால் கணவாய்க்கு மேலே உள்ள நாடு. 1792-இல் திப்பு சுல்தானோடு செய்த ஒப்பந்தத்தில் தாலாகாட்டும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் பாலாகாட் வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி போட்ட காலம் அது. அவர்கள் கணக்கேட்டில் பாலாகாட் என்று எழுதிய மேட்டு நாட்டை இங்கே ஒரு விவசாயி மேற்கு என்று கைகாட்டியிருப்பார். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே ‘மேல்’.

பென்னாகரத்தில் மட்டும் ஏன் தலைகீழ்?

இதுவரை எல்லாம் பொருந்தி வந்தது. இப்போது தருமபுரி மாவட்டத்தின் மறுபக்கத்துக்குப் போவோம்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் ஏறக்குறைய நேர் மேற்கு. ஆனால் அந்தச் சாலை ஏறாது, இறங்கும். வளைந்து வளைந்து காட்டுக்குள் இறங்கிக்கொண்டே போய்க் காவிரிக் கரையில் முடியும். மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இருக்கும் காவிரிப் பள்ளத்தாக்கு பென்னாகரத்தைவிட நல்ல ஆழத்தில் கிடக்கிறது. ஆறும் அங்கே கிழக்கு நோக்கி ஓடாமல், ஒகேனக்கல்லிலிருந்து தெற்கே மேட்டூருக்குப் போகிறது. அந்தப் பக்கம் அரூருக்கு வாருங்கள். அங்கே கிழக்குப் பக்கம் போனால் தீர்த்தமலை. கோயிலுக்கு மலை ஏற வேண்டும்.

சொல்லின் வேரை மட்டும் பிடித்துத் தொங்கினால், பென்னாகரத்துக்காரர் மேட்டுப்பக்கம் என்று சொல்லிவிட்டுப் பள்ளத்துக்கு இறங்குகிறார் என்றாகிறது. அவருக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. ‘மேக்க போனா ஒகேனக்கல்’ என்று சாதாரணமாகச் சொல்வார். ஏனென்றால் மேற்கு என்ற சொல் மேட்டிலிருந்து பிறந்தாலும், எப்போதோ மேட்டை விட்டுப் பிரிந்து, வெறும் திசையின் பெயராக இறுகிவிட்டது. ஒரு பரந்த நாட்டின் பொதுவான சரிவு அதற்குப் பெயர் கொடுத்தது. அந்த நாட்டுக்குள் இருக்கும் குட்டிக் குட்டி மேடு பள்ளங்களைக் கேட்டுக்கொண்டு அது மாறுவதில்லை.

எல்லா மொழியிலும் இப்படி நடப்பதில்லை. இந்தோனேசியாவின் பாலித் தீவில் ‘கஜா’ என்றால் மலைப்பக்கம், ‘கெலோட்’ என்றால் கடல்பக்கம். தீவின் நடுவில் மலைகள் நிற்பதால், தென் பாலியில் இருப்பவருக்குக் கஜா வடக்கே இருக்கும். வட பாலியில் இருப்பவருக்கு அதே சொல் தெற்கைக் காட்டும். அந்தச் சொற்கள் இன்னும் மலையை விட்டு விலகவில்லை. மெக்சிகோவின் தெனெஹாபா என்னும் ஊரில் பேசப்படும் செல்தால் மொழி நமக்கு நெருக்கம். அங்கே நிலம் தெற்கே உயர்ந்து வடக்கே தாழ்கிறது. அவர்கள் தெற்கை மேடு என்றும் வடக்கைப் பள்ளம் என்றும் சொல்கிறார்கள். சமதளமான தரையில், ஒரு வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கும்போதும் அப்படியே. பாலி ஒரு கட்டம், செல்தால் அடுத்த கட்டம், தமிழ் அதற்கும் அடுத்த கட்டம் என்று வைத்துப் பார்க்கலாம். வரலாற்றில் வரிசையாக இப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை. ஒரு சொல் தரையிலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியும் என்பதற்கு இவை மூன்று மாதிரிகள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கேரளத்தைப் பேசாமல் இருக்க முடியாது. அங்கே மலை கிழக்கே, கடல் மேற்கே. 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. அப்படியிருந்தும் மலையாளத்தில் மலை இருக்கும் பக்கத்துக்குப் பெயர் கிழக்கு! மேட்டைக் ‘கீழ்’ என்கிறார்கள். ராபர்ட் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் இதைப் பிடித்துக்கொண்டார். மலையாளம் பேசுவோர் மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள், அதனால்தான் அங்கே பொருந்தாத சொல்லை வைத்திருக்கிறார்கள் என்று வாதிட்டார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஆனால் ஒரு சொல்லை வைத்து ஒரு குடிபெயர்ச்சியையே நிறுவுவது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பென்னாகரத்துக்காரரும் பள்ளத்தை மேற்கு என்கிறார். அதற்காக அவர் வேறெங்கிருந்தோ வந்தவர் என்று ஆகிவிடாது. பொது மொழியில் திசைப் பெயர்கள் இறுகிய பிறகு, அந்த மொழி பேசும் எந்த மூலையிலும் அவை செல்லும். மலையாளமும் தமிழும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை என்பதற்கு இந்தச் சொல் நல்ல சான்று. யார் எங்கிருந்து நடந்து போனார்கள் என்பதற்கு அத்தனை நல்ல சான்று இல்லை.

ஒரு சுவையான விஷயம்: மலையாளத்தில் மேற்குக்கு இப்போது வழங்கும் சொல் படிஞ்ஞாறு. படு ஞாயிறு, அதாவது சூரியன் மறையும் இடம். பழைய ‘மேக்கு’ ஓரமாகப் போய்விட்டது. கிழக்கு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சூரியனைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள்

சூரியனை வைத்துத் திசைக்குப் பெயர் சொல்பவர்களைத் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் புழங்கும். கன்னடத்தின் பழைய சொற்கள் மூடண, படுவண. மூடு என்றால் எழுதல், உதித்தல். படு என்றால் விழுதல், சாய்தல். தெலுங்கில் மேற்குக்குப் படமர. அதிலும் அதே ‘படு’தான். தமிழிலும் இந்த ‘படு’ உண்டு. நெய்தல் நிலத்துக்குரிய பொழுது எற்பாடு. எல் என்னும் கதிரவன் படும் வேளை. நாம் அதைப் பொழுதைச் சொல்ல வைத்துக்கொண்டோம். பக்கத்து மொழிகள் அதையே திசையைச் சொல்லவும் எடுத்துக்கொண்டன.

கிருஷ்ணகிரியில் உருது பேசுகிறவர்களும் நிறைய. மாலை நேரத் தொழுகைக்கு மக்ரிப் என்று பெயர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த அரபுச் சொல்லுக்கே மேற்கு என்றும் பொருள். மறையும் இடம், மறையும் நேரம் இரண்டும் அதுதான். ஆங்கிலத்து ஈஸ்ட் விடியலைக் குறித்த ஒரு பழைய வேரிலிருந்து வந்தது. வெஸ்ட் மாலைப் பொழுதோடு தொடர்புடையது. ஓரியன்ட் என்ற லத்தீன் வழிச் சொல்லுக்கு ‘எழுவது’ என்று பொருள். கல்லூரியில் முதல் வாரம் நடத்துகிறார்களே ஓரியன்டேஷன், அதுவும் அதிலிருந்து வந்ததுதான். கிழக்கு நோக்கி முகத்தைத் திருப்பி வைப்பது.

வடமொழியில் இன்னொரு வழி. சூரியனைப் பார்த்து ஒரு மனிதர் நிற்பதாக வைத்துக்கொண்டு மற்ற திசைகளைச் சொல்வது. பூர்வம் என்றால் முன்னால், அது கிழக்கு. பச்சிமம் பின்னால், மேற்கு. தட்சிணம் வலது கைப்பக்கம், தெற்கு. தக்காணம் என்ற பெயரும் தட்சிணாமூர்த்தியும் இதிலிருந்துதான். நான்காவதான உத்தரம் மட்டும் இந்த வரிசையில் நிற்காமல் ‘உயர்ந்தது, மேலானது’ என்கிறது. வடக்கை மேல் என்றவர்களின் கண்ணில் இமயம் பட்டிருந்தால் வியப்பில்லை. அரபு நாட்டிலும் வலது இடதுக் கணக்கு உண்டு. யேமன் என்ற நாட்டின் பெயருக்குள் இருப்பது வலது பக்கம். கிழக்கே பார்த்து நின்றால் தெற்கு வலது கையில்தானே வரும்.

கிழக்கு என்பதும் சூரியனால் வந்ததே என்று நம்மில் சிலர் சொல்வார்கள். கதிரவன் கீழேயிருந்து கிளம்பி வரும் திசை, அதனால் கீழ். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாலையில் அதே கதிரவன் கீழே தானே இறங்குகிறது? அப்படியானால் மேற்கும் கீழாகத்தான் இருந்திருக்க வேண்டும். மேற்கை மேல் என்றதற்கு இந்த விளக்கத்தில் பதில் இல்லை. சரிவு விளக்கம் இரண்டு சொற்களையும் ஒரே அடியில் விளக்கிவிடுகிறது. நான் அதன் பக்கம்தான்.

தவிர, சூரியன் ஒன்றும் அவ்வளவு நம்பகமான வழிகாட்டி கிடையாது. அது நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 20, 21 வாக்கிலும் செப்டம்பர் 22, 23 வாக்கிலும் மட்டும். தருமபுரி இருக்கும் 12 பாகை அட்சரேகையில், ஜூன் கடைசி வாரத்தில் அது நேர் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும்; டிசம்பரில் அதே அளவு தெற்கே. இந்த நகர்வைத்தான் உத்தராயணம், தட்சிணாயனம் என்கிறோம். எனவே மொட்டை மாடியில் நின்று ‘சூரியன் அங்கே வருகிறது, அதுதான் கிழக்கு’ என்று வாசல் வைத்தால், மாதத்தைப் பொறுத்து வீடு கோணிக்கொள்ளும். கோயில் கட்டியவர்கள் இதற்கு ஒரு தெளிவான வழி வைத்திருந்தார்கள். சமதளமான தரையில் ஒரு முளைக்குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றி வட்டம் போடுவார்கள். காலையில் குச்சியின் நிழல் முனை வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் மீண்டும் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிடைக்கும் கோடு கிழக்கு மேற்குக் கோடு. எந்த மாதத்திலும் வேலை செய்யும். காலையில் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருந்ததோ, பிற்பகலிலும் அதே உயரத்தில் இருக்கும்போதுதான் நிழல் அதே நீளமாகும்; இரண்டும் நண்பகலுக்கு இரு பக்கமும் சரிசமமாக விழும். இதுதான் அதன் சூட்சுமம்.

மேற்குக்கு முந்தைய மேற்கு

சங்கப் பாடல்களில் தேடினால் அதிகம் கிடைப்பது வேறு இரண்டு சொற்கள்: குணக்கு, குடக்கு. குணக்கு கிழக்கு, குடக்கு மேற்கு. வங்கக் கடல் குணகடல், அரபிக் கடல் குடகடல். புறநானூற்றின் 6-ஆம் பாட்டில் காரிகிழார், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் புகழ் எல்லையைச் சொல்லும்போது வடக்கு, தெற்கு, குணக்கு, குடக்கு என்று நான்கையும் அடுக்குகிறார். அதில் வடக்கும் தெற்கும் இன்றைய சொற்களே. மற்ற இரண்டு மட்டும் நமக்கு அகராதி பார்க்க வேண்டிய சொற்களாகிவிட்டன.

சிறுபாணாற்றுப்படை சேர நாட்டைக் குடபுலம் என்றும், சோழ நாட்டைக் குணபுலம் என்றும், பாண்டிய நாட்டைத் தென்புலம் என்றும் சொல்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானை, நம் தகடூர்க்காரரை, வள்ளல்கள் வரிசையில் வைத்துப் பாடுவதும் இதே நூல்தான். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். சிலப்பதிகாரப் பதிகம் இளங்கோவை அறிமுகம் செய்யும்போது இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் வைக்கிறது. குணவாயில் கோட்டத்தில் துறவியாக இருந்த குடக்கோச் சேரல் இளங்கோ. கிழக்கு வாயிலில் இருந்த மேற்கு நாட்டு இளவரசர். காவிரி பிறக்கும் குடகு நாட்டின் பெயரையும் இந்தக் குடக்கோடு சேர்த்துச் சொல்வாருண்டு.

பிறகு குணக்கும் குடக்கும் செய்யுளுக்குள் ஒதுங்கிக்கொண்டன. மேலும் கீழும் மண்ணோடு புழங்கும் சொற்களாக இருந்ததால் நின்றுவிட்டன என்று நினைக்கிறேன். காற்றுக்கும் இதே கதைதான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல் என்று நூல்கள் அழகாகச் சொல்லும். ஆடி மாதம் அம்மியைப் பறக்க வைக்கும் காற்றை நம் ஊரில் மேல்காற்று என்றுதான் சொல்கிறோம். உயரத்தில் வீசும் காற்று என்று அர்த்தம் இல்லை. மேற்கிலிருந்து வரும் காற்று.

வடக்கு, தெற்கு பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்ல முடியும். வட, தென் என்ற அடிச்சொற்கள் மிகப் பழையவை, ஆனால் மேல் கீழ் போல அவற்றுக்குள் எட்டிப் பார்த்ததும் பொருள் தெரிவதில்லை. வாடையை வாடுதலோடு சேர்ப்பார்கள், தென்னையைத் தென் திசையிலிருந்து வந்த மரம் என்பார்கள். நம் ஆற்றின் பெயரிலேயே ஒரு தென் இருக்கிறது. நந்தி மலைப் பகுதியிலிருந்து இரண்டு பெண்ணைகள் புறப்படுகின்றன. ஆந்திரத்துக்குள் போய் நெல்லூர்ப் பக்கம் கடலில் கலப்பது வடபெண்ணை, நம் பக்கம் வருவது தென்பெண்ணை. உத்தர பினாகினி, தட்சிண பினாகினி என்பவையும் இவைதான்.

பத்திரத்தில் வரும் மேற்கு

இந்தச் சொற்களை முதன்முதலாக உற்றுப் பார்க்கும் சந்தர்ப்பம் பலருக்கு நிலம் வாங்கும்போதுதான் வருகிறது. கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி என்று, நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் ஒரு பகுதி இருக்கும். முனியப்பன் நிலத்துக்கு மேற்கு, வண்டிப் பாதைக்குக் கிழக்கு, ஓடைக்கு வடக்கு, மாரியம்மன் கோயில் இடத்துக்குத் தெற்கு என்கிற மாதிரி. புதிதாகப் படிப்பவர்கள், முனியப்பன் நிலம் நமக்கு மேற்கே இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். நேர் எதிர். அவர் நிலத்துக்கு மேற்கே நம் நிலம் இருக்கிறது என்பதுதான் வாசகம். எனவே அவர் நமக்குக் கிழக்கே. பாதை நமக்கு மேற்கே. ஓடை தெற்கே. கோயில் வடக்கே. எழுத்தரிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பார். நாள்தோறும் யாராவது கேட்கிறார்கள்.

இது நேற்று வந்த நடை இல்லை. சோழர் செப்பேடுகளில் ‘கீழ்பாற்கெல்லை’ என்று தொடங்கி ஏதோ ஒரு வாய்க்காலையோ வயலையோ சொல்லி, ‘அதற்கு மேற்கும்’ என்று முடிப்பார்கள். அடுத்து தென்பாற்கெல்லை, இன்னதற்கு வடக்கும். மேல்பாற்கெல்லை, இன்னதற்குக் கிழக்கும். வடபாற்கெல்லை, இன்னதற்குத் தெற்கும். அவர்கள் எல்லையின் பெயரையும் கூடவே எழுதியதால் குழப்பம் இல்லை. நாம் அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆயிரம் ஆண்டுக் கணக்கை நம் சார்பதிவாளர் அலுவலகங்கள் இப்படித் தொடர்கின்றன.

அதே பத்திரத்தில் ‘கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி’ என்று வரும். கிழமேல் என்றால் கிழக்கிலிருந்து மேற்கு வரை உள்ள நீளம். இருபுறமும் என்றால் வடக்கு ஓரத்தில் அளந்தாலும் தெற்கு ஓரத்தில் அளந்தாலும் அதே 40. இங்கே மேற்கு வெறும் மேல் ஆகிவிடுகிறது, கிழக்கு கிழ ஆகிவிடுகிறது. திசைப் பெயர்கள் மற்ற சொற்களோடு சேரும்போது வால் உதிர்வது தமிழின் பழக்கம். நன்னூல் இதற்கு ஒரு சூத்திரமே வைத்திருக்கிறது. வடக்கும் கிழக்கும் சேர்ந்தால் வடகிழக்கு. தெற்கும் மேற்கும் சேர்ந்தால் தென்மேற்கு. மேற்கும் திசையும் சேர்ந்தால் மேல்திசை. வால் உதிர்ந்தவுடன் உள்ளே இருக்கும் மேல் வெளியே தெரிகிறது பாருங்கள். கீழைக்காற்று, மேலை நாடு, மேலவீதி, கீழத்தெரு எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

கீழத்தெரு என்றால் தாழ்ந்த தெரு என்றோ மேலத்தெரு என்றால் உயர்ந்த தெரு என்றோ பொருள் கொள்வது பிழை. அது கிழக்குத் தெரு, இது மேற்குத் தெரு. சாதியைப் பேசுகிறவர்கள் இந்தச் சொற்களில் வேறு அர்த்தத்தை ஏற்றிப் பேசுவதுண்டு. அந்த அர்த்தம் பேசுகிறவருடையது, சொல்லுடையது இல்லை.

பிள்ளைகளுக்கு வரும் இன்னொரு குழப்பம் வரைபடம். வகுப்பில் தொங்கும் படத்தில் மேலே இருப்பது வடக்கு. சொல்லில் மேலாக இருப்பது மேற்கு. தெருவில் மேல்பக்கம் என்றால் மேற்கு, தாளில் மேல்பக்கம் என்றால் வடக்கு. தாளில் வடக்கை மேலே வைப்பது படம் வரைகிறவர்கள் பின்னாளில் ஒத்துக்கொண்ட ஒரு வழக்கம்தான். கிராம வரைபடத்தையோ புலப்படத்தையோ எடுத்துப் போய் நிலத்தில் நின்று பார்க்கும்போது, தாளைச் சுழற்றி அதன் வடக்கு அம்பைத் தரையின் வடக்குக்கு நேராக வைத்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

பேச்சில் இந்தச் சொற்கள் இன்னும் சுருங்கும். மேக்க, கெழக்க, தெக்க, வடக்க. அல்லது மேக்கால, கெழக்கால, தெக்கால, வடக்கால. மேக்கத்திக் கொல்லை, தெக்கத்தி மாடு, வடக்கத்திக்காரர். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழ்நாட்டில் செய்த ஆய்வில் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். கிராமத்தில் வாழ்பவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் மேசை மேல் இருக்கும் பொருளைச் சொல்லக்கூட வடக்கு, தெற்கு என்று பேசினார்கள்; நகரத்தவர்கள் இடது, வலது என்றார்கள். தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் சாப்பிட உட்கார்ந்திருப்பவரை, ‘கொஞ்சம் மேக்கால நகந்து உக்காருங்க’ என்று சொல்வதை இப்போதும் கேட்கலாம். கைபேசி வரைபடத்தின் குரல் அவருக்கு ‘இடது பக்கம் திரும்பவும்’ என்று சொன்னால், நம்மில் சிலர் எந்தக் கை என்று ஒரு கணம் யோசிப்பது போல அவரும் யோசிப்பார். மேக்க என்று சொன்னால் யோசிக்கமாட்டார்.